இடுப்பில் கட்டிய துண்டும் நான்மடி விதியும்

வாசகரே, நீங்கள் அன்று அந்த அரங்கில் இல்லை. ஆகவேதான் உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். இருந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு பக்கத்தைச் சேர்ந்தவர்கள். நீங்களோ எந்தத் தெருவையும் சேராதவர். நான் சொல்வதைக் கேளுங்கள். கணக்கு வரும் இடத்தில் ஒரு துண்டுத் தாளை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரே ஓர் எண் பிசகினாலும் நான் தோற்றவன் என்று எழுதிக்கொள்ளுங்கள். பிசகவில்லையென்றால் வெற்றி யாருடையது என்பதை உரக்கச் சொல்லுங்கள்.

தஞ்சைத் தரணியின் கல்லூரி ஒன்றில் நான் அப்போது இயற்பியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவன். தமிழ்வழிப் பிரிவு. ஆட்சி மாறி, கோட்டையில் தமிழ் ஒலிக்கத் தொடங்கி, அந்த ஒலி கல்லூரி வகுப்பறை வரைக்கும் வந்து சேர்ந்திருந்த காலம். வந்து சேர்ந்ததே தவிர, உட்கார இடம் கிடைக்கவில்லை. எங்கள் பிரிவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது ஆய்வகத்தின் பின்பக்கத்தில் ஓர் அறை. அதிலும் பாதி உடைந்த நாற்காலிகள். மாணவர் குறைவு என்று காரணம் காட்டி, வரும் ஆண்டு எங்களை ஆங்கிலப் பிரிவோடு இணைத்துவிடப் போவதாகப் பேச்சு எழுந்தது. இணைப்பு என்பது அவர்கள் வைத்த பெயர். எங்கள் வீடுகளில் அதற்கு வேறு பொருள். நன்னிலம் வட்டாரத்துக் கீழத்தெருவிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆங்கிலத்தில் தேர்வெழுது என்றால், நான் திரும்பி நடக்க வேண்டிய வழி நேராக நாற்றங்காலில் போய் முடியும்.

ஆனால் எனக்கு ஒரு சொத்து இருந்தது: என் தொண்டை. பள்ளி நாள்களிலேயே தெருமுனைக் கூட்டங்களில் ஒலிபெருக்கிக்கு நேர்கீழே நின்று, பேச்சாளர் எங்கே மூச்சு வாங்குகிறார், எங்கே குரலை இறக்கிக் கூட்டத்தை முன்னால் சாய வைக்கிறார் என்பதையெல்லாம் பார்த்துப் பழகியவன் நான். வாய்க்கால் மதகின் மேல் ஏறி நின்று, சம்பா நாற்றுகளை அவையோராக்கிப் பேசிப் பழகினேன். கல்லூரிப் பட்டிமன்றத்தில் என் அணி தோற்றதாக நினைவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன். பெருமைப்படுவதற்கு உரியது என்பதால் சொல்கிறேன்.

இணைப்புச் செய்தி கேட்டவுடன் இயற்பியல் துறைத் தலைவரின் அறைக்குப் போனேன். அங்கே என் ஊர்க்காரன் ஒருவன் ஏற்கெனவே நின்றிருந்தான். மேலத்தெரு மிராசுதாரின் மகன். ஆங்கிலப் பிரிவில் முதல் மாணவன். ஊரில் அவனை ‘நீங்க’ என்பேன், கல்லூரி வாசலுக்குள் ‘நீ’ என்பேன். இந்த ஏற்பாடு எங்களுக்குள் பேசாமலே அமைந்தது. அந்த ஆண்டு அறுவடைக் கூலிக்காக அவன் அப்பாவுக்கும் எங்கள் தெருச் சங்கத்துக்கும் நடந்த பேச்சுவார்த்தை முறிந்து, அவர்கள் வயல் வரப்புகளில் எங்கள் கொடிகள் நின்றிருந்தன. அதையும் நாங்கள் கல்லூரிக்குள் பேசுவதில்லை.

துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, நீ மேடையில பேசினா நானே கை தட்டுவேன். ஆனா பிசிக்ஸ் கைதட்டல்ல ஓடாது. டைபோலுக்கும் டைபோலுக்கும் நடுவுல ஃபோர்ஸ், தூரத்தைப் பொறுத்து எப்படி மாறுது? அதை முழுக்கத் தமிழ்ல, கேக்கறவனுக்குப் புரியற மாதிரி சொல்லிடு. காலேஜ் கண்காட்சி அன்னிக்குப் பிரின்சிபால் வர்றார். அவர் முன்னால சொல்லிட்டா, உங்க கிளாஸ் இருக்கணும்னு நானே எழுதிக் கொடுக்கறேன்.”

“சார், ஒரு கண்டிஷன்,” என்றான் மிராசுதார் மகன். “அலங்காரம் கூடாது, அரசியல் கூடாது. ‘அலைகடலே, அரிமாவே’ன்னு ஆரம்பிச்சான்னா மணி அடிச்சு இறக்கிடணும்.”

“மணியை நீயே வச்சுக்கோ,” என்றேன்.

“கோவப்படாதப்பா. பிசிக்ஸுக்கு மேலத்தெரு கீழத்தெரு கிடையாது. அது இங்கிலீஷ்ல இருக்கு, அவ்வளவுதான்.”

வாசகரே, அந்த வாக்கியத்தைக் குறித்து வையுங்கள். அவனே மறந்துபோகும் ஒரு நேரம் வரும்.

நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் சம அளவில், சிறு இடைவெளியில் பிரியாமல் நிற்கும் இணைதான் துறைத் தலைவர் சொன்ன டைபோல்; தமிழில் மின்இருமுனை. அப்படி இரண்டு இணைகளைச் செய்து காட்டிவிடலாம் என்று முதலில் இறங்கினேன். மாட்டுப் பொங்கலுக்கு மாலை கட்டும் நெட்டி எங்கள் குளத்தில் கிடைக்கும். அதைச் சிறு உருண்டைகளாகச் சீவி, நூலில் தொங்கவிட்டு, பட்டில் தேய்த்த கண்ணாடிக் கோலால் மின்னேற்றினேன். ஒன்றும் அசையவில்லை. கார்த்திகை மாதம், நான்கு பக்கமும் தண்ணீர் நிற்கும் வயல், தீப்பெட்டியே நமுத்துப்போகும் காற்று. ஏற்றிய மின்னூட்டம் ஈர நூல் வழியே நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கசிந்து போனது. டெல்டாவில் பிறந்தவன் அடைமழைக் காலத்தில் நிலைமின்னியல் சோதனைக்குத் துணிந்தது குறித்து விடுதியே சிரித்தது.

சரி, நெட்டி வேண்டாம், மனிதர்கள் போதும் என்று முடிவு செய்தேன். நான்கு பேர் நான்கு மின்னூட்டங்கள். யார் நேர், யார் எதிர் என்று காட்ட அட்டையில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் எழுதித் தொங்கவிடலாம் என்றான் என் வகுப்பு நண்பன். நான் மறுத்தேன். கண்காட்சிக்கு ஊரார் வருவார்கள். என் அப்பாவும் தெருக்காரர்களும் கடைசி வரிசையில் இருப்பார்கள். குறி அவர்கள் கண்ணுக்கும் எட்டாது, பழக்கத்துக்கும் எட்டாது. தூரத்திலிருந்து தெரிகிற அடையாளம் வேண்டும். விடுதியிலிருந்து நான்கு வெள்ளைத் துண்டுகள் எடுத்தேன். துண்டு தோளில் இருந்தால் நேர். இடுப்பில் இருந்தால் எதிர். விடுதி வராந்தாவில் ஒத்திகை பார்த்தோம். எங்கள் வகுப்புப் பிள்ளைகள் துண்டைத் தோளிலும் இடுப்பிலும் மாற்றி மாற்றிக் கட்டிச் சிரித்தார்களே தவிர, யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. இணையும் இடைவெளியும் மட்டுமே என் தலையில் இருந்தன.

கண்காட்சி நாளில் மழை விட்டிருந்தது. களையெடுப்பு முடிந்து, அறுவடை தொடங்காத இடைவேளை. அதனால் எங்கள் தெரு ஆண்கள் நிறையவே வந்திருந்தார்கள். அப்பா கடைசி வரிசையில், தோளில் துண்டோடு, முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் முதல்வரும் துறைத் தலைவரும். ஓரத்து மேசையில் மணியோடு மிராசுதார் மகன்.

“அவையோரே!” என்று தொடங்கினேன். அவன் விரல் மணியின் மேல் போனது. உடனே பொருளுக்குள் இறங்கினேன்.

“தனி மின்னூட்டம் ஒன்று, இன்னொரு தனி மின்னூட்டத்தை இழுக்கிறது அல்லது தள்ளுகிறது. தொலைவை இரண்டு மடங்காக்குங்கள். விசை நான்கில் ஒரு பங்காகும். மூன்று மடங்காக்குங்கள், ஒன்பதில் ஒரு பங்காகும். தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதம். இது எல்லோரும் அறிந்தது. நான் கேட்பது வேறு. தனியாக நிற்காமல், நேரும் எதிரும் இணைபிரியாமல் நின்றால்? அப்படி ஓர் இணை இன்னோர் இணையைத் தொலைவில் எதிர்கொண்டால்?”

அரங்கின் நடுவழியில் சதுரக் கட்டங்கள் பதித்த தரை இருந்தது. அதுவே என் அளவுகோல். நான் முன்னாலும், நண்பன் எனக்குப் பின்னால் அடுத்த கட்டத்திலுமாக ஓர் இணையாக நின்றோம். மற்ற இணைக்கு ஆங்கிலப் பிரிவிலிருந்து இருவரைக் கேட்டேன். ஒருவன் வந்தான். இன்னொருவர் யார் என்று முதல்வர் திரும்பிப் பார்க்க, துறைத் தலைவர் மணிக்காரனிடம், “நீயே போய் நில்லு. கிட்ட நின்னாத்தானே தப்பு தெரியும்,” என்றார். அவன் மணியைக் கையில் எடுத்துக்கொண்டே வந்து எனக்கு எதிரில் நின்றான்.

என் துண்டு தோளில். நான் நேர். என்னைப் பார்த்து நிற்பவன் எதிர். தோளில் துண்டு நேர், இடுப்பில் துண்டு எதிர் என்று அவையோருக்கு விளக்கிவிட்டு, அவனிடம் ஒரு துண்டை நீட்டிச் சொன்னேன்: “இதை இடுப்பில் கட்டிக்கொள்.”

அரங்கம் அடங்கியது.

வாசகரே, அந்த அமைதியின் பொருள் உங்களுக்குத் தெரியாமல் போகலாம். எங்கள் ஊரில், அண்மைக்காலம் வரை, கீழத்தெரு ஆண்பிள்ளை மேலத்தெருவுக்குள் கால் வைத்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். அதை நிறுத்தியது சங்கம். மேலத்தெருவில் முதன்முதலாகத் தோளில் துண்டோடு நடந்தவர்களில் ஒருவர் என் அப்பா. அந்தத் துண்டுக்காக அவர் வாங்கிய அடியின் தழும்பு இன்னும் அவர் முழங்கையில் இருக்கிறது. இப்போது அந்தக் கீழத்தெருக்காரனின் மகன், தோளில் துண்டு போட்டுக்கொண்டு, மிராசுதார் மகனைப் பார்த்து இடுப்பில் கட்டு என்கிறான். அறுவடைக் கூலி தகராற்றில் நிற்கும் வாரத்தில். நான் கணக்குக்காகத் தேர்ந்த அடையாளத்தை, அந்த அரங்கில் இருந்த ஒவ்வொருவரும் எனக்கு முன்பே வேறு விதமாகப் படித்துவிட்டார்கள்.

அவன் முகம் கறுத்தது. “இது என்ன, பிசிக்ஸா, கட்சிக் கூட்டமா?”

கடைசி வரிசையிலிருந்து எங்கள் தெருக்காரர் ஒருவர், “கட்டுங்க தம்பி, நாங்க கட்டாததா?” என்று குரல் கொடுத்தார். சிரிப்பும் உறுமலும் கலந்து எழுந்தன. துறைத் தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவன் மணியைத் தூக்கினான். அது ஒலித்தால் என் பேச்சு முடிந்தது. பேச்சு முடிந்தால் எங்கள் வகுப்பு முடிந்தது. தமிழ்ப் பிரிவுக்காரன் மேடை ஏறினால் அரசியல்தான் பேசுவான் என்பதற்கு நானே சான்று கொடுத்தவனாவேன்.

பேச்சாளனுக்குத் தெரியும், கூட்டம் கலையும் நொடியில் குரலை உயர்த்தக் கூடாது. தாழ்த்தினேன்.

“நேர், எதிர் என்பவை வெறும் பெயர்கள். எல்லாக் குறிகளையும் ஒருசேர மாற்றினாலும் விசை மாறாது. இது இயற்கையின் சட்டம். ஆகவே முதலில் நான் கட்டுகிறேன்.”

தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினேன். என் நண்பன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான்.

“டேய், அவுருடா அதை!” என்று பின்னாலிருந்து ஓர் அலறல். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் அலறியவரின் தொடையில் கை வைத்து அழுத்தி, “இருய்யா, முடிக்கட்டும்,” என்றார்.

மிராசுதார் மகன் மணியைத் தரையில் வைத்துவிட்டுத் துண்டைத் தோளில் போட்டான். அவனுக்குப் பின்னால் நின்றவன் இடுப்பில் கட்டினான். துறைத் தலைவர் உட்கார்ந்தார்.

இப்போது தாளை எடுங்கள், வாசகரே. ஒரு கட்டத் தொலைவில் இரண்டு தனி மின்னூட்டங்களுக்கு இடையே உள்ள விசையைப் பத்து லட்சம் பங்கு என்று வைப்போம். எனக்கும் எதிரில் நிற்கும் மிராசுதார் மகனுக்கும் இடையே ஒன்பது கட்டம். நாங்கள் மாறுபட்டவர்கள், ஆகவே ஈர்ப்பு. பத்து லட்சத்தை ஒன்பதின் இருமடியால் வகுத்தால் 12,346. என் நண்பனுக்கும் கடைசியில் நிற்பவனுக்கும் பதினொரு கட்டம், அதுவும் ஈர்ப்பு, 8,264. மொத்த ஈர்ப்பு 20,610. எனக்கும் கடைசியில் நிற்பவனுக்கும் பத்துக் கட்டம், ஒத்த குறி, ஆகவே விலக்கம், 10,000. என் நண்பனுக்கும் மிராசுதார் மகனுக்கும் அதே பத்து, அதே 10,000. மொத்த விலக்கம் 20,000. இவ்வளவு இழுத்தும் இவ்வளவு தள்ளியும் எஞ்சுவது 610.

“நாற்பதாயிரம் பங்கு ஆரவாரம், அறுநூற்றுப் பத்துப் பங்கு பயன்,” என்றேன். இது அலங்காரம்தான், ஆனால் மணி தரையில் இருந்தது. முதல்வர் சிரித்துவிட்டார்.

“இப்போது நால்வரும் குறியை மாற்றிக்கொள்கிறோம்.” நான் துண்டை இடுப்பிலிருந்து தோளுக்குக் கொண்டுவந்தேன். மற்ற இருவரும் மாற்றிக்கொண்டார்கள். மிராசுதார் மகன் அசையவில்லை.

“மாறாதுன்னு எனக்கே தெரியும்ப்பா. நான் கட்ட வேண்டியதில்ல,” என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி.

“உனக்குத் தெரியும். கடைசி வரிசைக்குத் தெரிய வேணாமா?” என்றேன். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி: “பிசிக்ஸுக்கு மேலத்தெரு கீழத்தெரு கிடையாதுன்னு சொன்னது யாரு?”

அவன் என்னையே பார்த்தான். அவனும் பேச்சாளன்தான், தன் சொல்லால் தானே கட்டுப்படுவதன் இழப்பையும் அழகையும் அறிந்தவன். உதட்டோரம் மெல்ல வளைந்தது. “வாயால கெட்டேன்டா,” என்று முணுமுணுத்தான். தோளிலிருந்த துண்டை எடுத்தான், ஒரு முறை உதறினான், இடுப்பில் கட்டி முடிச்சுப் போட்டான். நன்றாகவே கட்டினான்.

ஒன்பது, பதினொன்று, பத்து, பத்து. தொலைவுகள் அதே. ஈர்ப்பவர்கள் அதே இருவர் இருவர். எஞ்சியது அதே 610. கடைசி வரிசையிலிருந்து எழுந்த கைதட்டல் கூரைத் தகட்டை அதிர வைத்தது. அதை நான் அடக்கவில்லை. அடங்கும்வரை நின்று முழுதாக வாங்கிக்கொண்டேன்.

பிறகு அவர்கள் இணையைப் பத்துக் கட்டம் பின்னால் நகர்த்தினேன். பத்தாக இருந்த தொலைவு இருபதானது. பத்தொன்பது கட்டத்துக்கு 2,770, இருபத்தொரு கட்டத்துக்கு 2,268, ஈர்ப்பு 5,038. இருபதுக்கு 2,500 வீதம் இரண்டு, விலக்கம் 5,000. எஞ்சியது 38.

“610 எங்கே, 38 எங்கே! பதினாறு முப்பத்தெட்டு எவ்வளவு?”

“அறுநூத்தி எட்டு!” என்று கூட்டத்தின் நடுவிலிருந்து பல குரல்கள் வந்தன.

“தொலைவு இரண்டு மடங்கு, விசை பதினாறில் ஒரு பங்கு. இணைக்குள் உள்ள இடைவெளியைவிட இணைகளுக்கு இடையே உள்ள தொலைவு மிகப் பெரியதாக இருக்கும்வரை இதுவே விதி. தனிக்குத் தனி, இருமடி. தனிக்கு இணை, மும்மடி. இணைக்கு இணை, நான்மடி! ஓர் இணை சேரும்போதெல்லாம் நேரும் எதிரும் ஒன்றையொன்று இன்னும் ஒரு படி மறைக்கின்றன; விசை இன்னும் ஒரு மடி வேகமாகத் தேய்கிறது.”

தொலைவில் நிற்பவருக்கு எல்லாம் சமனாகத்தான் தெரியும். சென்னையிலிருந்து பார்ப்பவருக்கு எங்கள் ஊரும் சமன்தான் என்று ஒரு வாக்கியம் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதற்குக் கிடைக்கக்கூடிய கைதட்டல் என் காதில் முன்கூட்டியே விழுந்தது. ஆனால் அரசியல் கூடாது என்பது ஒப்பந்தம். விழுங்கினேன்.

துறைத் தலைவர் எழுந்தார். “ரெண்டு ஜோடியையும் எதிரெதிரா இல்லாம, பக்கவாட்டில நிறுத்தினா?”

“முன்னால் நிற்கும் எண் பாதியாகும், ஐயா. ஈர்ப்பா விலக்கமா என்பது இரண்டு இணைகளும் ஒரே திசையில் நிற்கின்றனவா, எதிர்த்திசையில் நிற்கின்றனவா என்பதைப் பொறுத்தது. நான்மடி மட்டும் மாறாது.”

அவர் கொஞ்ச நேரம் மனத்துக்குள் கணக்குப் போட்டார். பிறகு முதல்வரின் பக்கம் குனிந்து, தாழ்ந்த குரலில், ஆனால் நான் கேட்கும்படியே சொன்னார்: “சரியாச் சொல்றான் சார். வகுப்பு இருக்கட்டும்.” முதல்வர் ஒலிவாங்கியை வாங்கி, தமிழ்ப் பிரிவு வரும் ஆண்டும் தொடரும் என்று அறிவித்தார். நண்பன் என்னைத் தூக்கிவிட்டான். மேடையிலிருந்து பார்த்த எத்தனையோ கூட்டங்களைவிட, ஒரு நண்பனின் தோள்மேலிருந்து பார்த்த அந்தக் கூட்டம் எனக்கு உயரமாகத் தெரிந்தது.

வெளியே புன்னை மர நிழலில் அப்பாவும் தெருக்காரர்களும் நின்றிருந்தார்கள். மிராசுதார் மகனும் தரையில் வைத்த மணியை எடுத்துக்கொண்டு, என்னோடு பேசிக்கொண்டே அங்கு வந்துவிட்டான். அப்பா அவனைப் பார்த்ததும் நிமிர்ந்தார். பார்வை அவன் இடுப்புக்குப் போனது.

“தம்பி, துண்டை அவுக்க மறந்துட்டீங்க.”

அவன் குனிந்து பார்த்துவிட்டு, கூச்சத்தோடு சிரித்தான். “இருக்கட்டுங்க. கணக்கு இன்னும் முடியலைன்னு நெனச்சேன்.”

எங்கள் தெருக்காரர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை, ஆனால் அவர் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு தெளிவு இருந்தது. என்னிடம் திரும்பினார். “நல்லாத்தான் சொன்னே. முதல்ல நீ இடுப்புல கட்டினப்ப எனக்கு நெஞ்சு அடைச்சுது. அப்புறம் புரிஞ்சுது. ஆனா நம்ம தெருப் பொம்பளைங்க ஒருத்தரும் வரல. பஸ் ஏறி இவ்வளவு தூரம் யாரு வருவா? அவங்களுக்கு யாரு சொல்றது?”

“நீங்க போய்ச் சொல்லுங்கப்பா.”

“எனக்கு அந்தப் பதினாறு கணக்கெல்லாம் வராது. நீதான் பேசப் பொறந்தவன்.”

“கட்டம் போட இடம் இருந்தா, எதிர்ல நிக்க நான் வர்றேன்,” என்றான் மிராசுதார் மகன். சொல்லிவிட்டு, தன் சொல்லைத் தானே கேட்டவன்போலத் திகைத்தான். அவன் வீட்டு ஆண்கள் யாரும் எங்கள் தெருவுக்குள் கூலி பேசக்கூட நடந்து வந்ததில்லை.

“உங்கப்பா விடுவாரா?” என்றார் அப்பா.

“இந்த மணியை அவர்கிட்டக் கொடுத்துட்டு வர்றேன். அரசியல் பேசினா அவரே அடிக்கட்டும்,” என்றான்.

அப்போது நான் புன்னை மரத்தடி மேடைமேல் ஏறினேன். ஏறாமல் இருக்க என்னால் முடியாது. நான் அப்படித்தான் பழகியவன். ஒலிபெருக்கி இல்லை, தலைவர் இல்லை, மணி அவன் கையில் ஒலிக்காமல் கிடந்தது. விழுங்கிய வாக்கியத்தை வெளியே எடுத்து, வாசல்வரை கேட்கும் குரலில், எல்லோரையும் பார்த்துச் சொன்னேன்:

“தூரத்துல நின்னு பாக்குறவங்களுக்கு நம்ம ஊர்ல எல்லாம் சமமாத்தான் தெரியும். அதனால தை பொறக்கறதுக்கு முன்னால, அரிவாள் வயல்ல எறங்கறதுக்கு முன்னால, கீழத்தெருக் களத்துல நான் கட்டம் கீறுவேன். இதே நாலு பேரு, இதே துண்டு, இதே கணக்கு. மொத வரிசை நம்ம பொம்பளைங்களுக்கு. தூரத்தை நான் பாதியாக்குவேன். பதினாறு மடங்கு விசையை நீங்க பாப்பீங்க. இது என் வாக்கு!”